அறுபது சைக்கிள் ஆம்ப்

என் மச்சினன் பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்குத் திரும்பி வந்தான். கப்பலில் வந்த சாமான்களில் ஒரு பெட்டியை மட்டும் பிரிக்காமலே எனக்கு அனுப்பிவைத்தான்.

"மாமா, அங்க இருந்தப்ப கிட்டார் கத்துக்கணும்னு ஆசையா வாங்கினேன். மூணு மாசம்கூட வாசிக்கல. நீங்களாவது வெச்சு வாசிங்க" என்று போனில் சொன்னான்.

பிரித்துப் பார்த்தால் வால்வு போட்ட கிட்டார் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர். பழைய வால்வு ரேடியோக்களுக்குள் இருந்த மாதிரி கண்ணாடிக் குழாய்கள் ஐந்து, பின்பக்கம் வரிசையாக நின்றன. சுவிட்சைப் போட்டால் உடனே சத்தம் வராது. அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு, குழாய்களுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் ஏறும். அதற்குப் பிறகு ஒரு கம்பியைத் தொட்டால் போதும், அந்தச் சத்தம் வயிற்றில் வந்து உட்காரும். அன்று மதியம் நான் சாப்பிடவே இல்லை.

எனக்கு வயது நாற்பத்து நாலு. ஸ்ரீரங்கத்தில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் முழங்கால், தோள்பட்டை, இடுப்பு. நடுவே கிடைக்கிற இரண்டு மணி நேரம் கிட்டார். என்னோடு கல்லூரியில் படித்தபோதே சேர்ந்து வாசித்த நண்பன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். அவன் வாசிப்பது பேஸ் கிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் குவார்ட்டர்ஸில் கூடுவோம். கல்யாண ரிசப்ஷன், காலனி ஆண்டு விழா என்று யாராவது கூப்பிட்டால் போய் வாசிப்போம். டிரம்ஸுக்கு ஆள் கிடையாது, லேப்டாப்தான்.

அந்த ஆம்ப் நூற்று இருபது வோல்ட்டில் ஓடுகிற சாமான். அதனால் நம் ஊர் கரண்டைக் குறைத்துக் கொடுக்க மச்சினன் ஒரு ஸ்டெப் டவுன் பெட்டியும் சேர்த்து அனுப்பியிருந்தான். இரண்டையும் மாட்டினால் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் கூடவே வரும். ஒரு மணி நேரம் வாசித்தால் ஆம்பின் மேல்பக்கம் தொட முடியாதபடி சுடும். என் மனைவி ஒரு தடவை கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"இது பாட்டுப் பெட்டியா, தோசைக்கல்லா?"

"வால்வு ஆம்ப்னா சூடாகத்தான் செய்யும். உனக்குத் தெரியாது" என்றேன். எனக்கும் தெரியாது.

எனக்கு இருந்த கவலை வேறு. கிட்டார்காரர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அங்கே ஒருவர், இதே ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார். பத்து வருஷம் மூக்கடைப்போடு இருந்தவனுக்குத் திடீரென்று மூச்சு விட்ட மாதிரி சத்தம் திறந்துகொண்டதாம். கீழே நாற்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். ஆம்புக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் கரண்டை வால்வுகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது, பவர் டிரான்ஸ்ஃபார்மர். மற்றது வால்வுகளிலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். கம்பெனிக்காரன் செலவைக் குறைக்க இந்த இரண்டாவதைத்தான் சின்னதாகப் போட்டுவிடுவான் என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். அதைப் படித்த நாளிலிருந்து என் ஆம்புக்கும் மூக்கடைப்பு வந்துவிட்டது. நேற்று வரை வயிற்றில் உட்கார்ந்த சத்தம், இன்று கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரியே இருந்தது.

புது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் போகிறேன் என்று நண்பனிடம் சொன்னேன்.

"அவசரப்படாத. பாலக்கரை பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. எங்க ஆளுங்க ஸ்டெபிலைசர் போச்சுன்னா அங்கதான் குடுப்பாங்க. டிரான்ஸ்ஃபார்மர் சுத்துறதுல கெட்டி. முதல்ல அவங்ககிட்ட காட்டு" என்றான்.

ஒரு சனிக்கிழமை ஆம்பை ஸ்கூட்டரின் முன்னால், இரண்டு கால்களுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "ஓவனா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குகிற அளவுக்குச் சிக்னல் நேரம் தராது.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. சுவர் முழுக்கச் செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாசனை, ரிப்பேருக்கு வந்த மிக்சிகள். முப்பத்தெட்டு வயது இருக்கும் ஒரு பெண், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு சுற்றும் மெஷினில் உட்கார்ந்திருந்தார். இது அவருடைய அண்ணன் கடை. அண்ணன் துபாய்க்குப் போனபிறகு இவர்தான் முழுசாகப் பார்த்துக்கொள்கிறார். நண்பன் பெயரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார். நான் மூக்கடைப்புக் கதையை முழுவதும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேட்டார்:

"சரிங்க சார். சவுண்ட்ல இப்ப என்ன குறை?"

"கொஞ்சம்... மூடினாப்ல இருக்கு."

"எப்பலேர்ந்து?"

என் கிளினிக்கில் தினமும் நான் கேட்கிற கேள்வி அது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து. எங்கே என்று விரல் வைத்துக் காட்டத் தெரியாத நோயாளியை நான் எப்படிப் பார்ப்பேனோ, அதே பார்வை அவரிடமும் இருந்தது.

அவர் ஆம்பைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருந்த சின்னத் தகட்டைப் படித்தார். "இது அறுபது சைக்கிள் சாமான் சார், செகண்டுக்கு அறுபது தடவை ஏறி இறங்குற கரண்டுக்குச் செஞ்சது. நம்ம ஊர் கரண்ட் ஐம்பது சைக்கிள்."

"அதான் ஸ்டெப் டவுன் போட்டிருக்கேனே."

"அது வோல்ட்டைத்தான் குறைக்கும். சைக்கிளை மாத்தாது. அறுபதுக்குக் கணக்குப் பண்ணிச் சுத்தின பவர் டிரான்ஸ்ஃபார்மரை ஐம்பதுல ஓட்டினா சுருளுக்குள்ள இருக்கிற இரும்பு தாங்காது. சத்தம் போடும், சுடும். அதுலயும் இங்க வோல்டேஜ் சில நேரம் கூடுதலாவே வருது. சுடுதா?"

"சுடும்."

"அப்ப மாத்த வேண்டியது அதைத்தான். இந்த அவுட்புட்டை இல்ல."

"இல்ல மேடம், பவர் டிரான்ஸ்ஃபார்மர் மாத்தினா சவுண்ட்ல என்ன வரப்போகுது? நான் வந்தது சவுண்டுக்கு."

அவர் சிரித்தார். "அவுட்புட்டே சுத்தித் தரேன். எனக்கென்ன. ஆனா பாட்டுக்குன்னு நான் இதுவரைக்கும் சுத்தினதில்ல, பத்து நாள் குடுங்க. படிச்சுப் பார்த்துட்டுத்தான் கை வெப்பேன்."

பத்தாவது நாள் வாட்ஸப்பில் படம் வந்தது. பழையதைவிட ஒன்றரை மடங்கு பெரிசு. ஒரே கட்டாகச் சுற்றாமல், ஒரு அடுக்கு மெல்லிய கம்பி, ஒரு அடுக்கு தடித்த கம்பி என்று மாற்றி மாற்றிச் சுற்றி, நடுவே பேப்பர் வைத்திருந்தார். அழகான வேலை. ஆம்பையும் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அவர் முதலில் ஆம்பைத் திறந்து, உள்ளே தேங்கியிருக்கும் கரண்டை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கினார். "பிளக்கைப் பிடுங்கினாலும் இதுக்குள்ள நிக்கும் சார். நீங்களா திறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டினார்.

வாசித்தேன். ஆஹா! மூக்கடைப்பு போய்விட்டது. மேல் கம்பிகள் மினுங்கின, கீழ்க் கம்பிகள் அகன்றன. "கேட்டீங்களா?" என்று நாலு தடவை கேட்டேன். அவர் நாலு தடவையும், "நீங்க சொன்னா சரி சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். அவள் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதே மாதிரிதாங்க இருக்கு" என்றாள்.

"உன் காதுக்குப் பழக்கமில்ல."

"இருக்கலாம். ஆனா எங்க லேப்ல யாரோட சாம்பிள்னு தெரிஞ்சா, மனசு ரிசல்டை முன்னாடியே எழுதிடும். பேரை மறைச்சுட்டுப் பாருங்க. எது பழசு, எது புதுசுன்னு தெரியாம வாசிங்க. அப்பவும் கண்டுபிடிச்சீங்கன்னா ஒத்துக்கறேன்."

நான் உற்சாகமாக ஒப்புக்கொண்டேன். ஜெயிக்கப்போகிறவன் அப்படித்தான் ஒப்புக்கொள்வான். பாலக்கரை மேடத்திடம் சொன்னபோது அவர் என்னைவிட உற்சாகமாகிவிட்டார். பழைய டிரான்ஸ்ஃபார்மர், புது டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் அறைந்து, பெரிய திருகு சுவிட்ச் ஒன்று போட்டு, அடுத்த ஞாயிறு காலை தானே பலகையோடு ஆட்டோவில் பொன்மலைக்கு வந்து இறங்கினார்.

நண்பன் வீட்டு ஹாலில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்து மறைப்பு கட்டினோம். என் மனைவி பத்துச் சீட்டுகளில் 'பழசு', 'புதுசு' என்று எழுதி, டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீட்டை எடுத்து மறைப்புக்குப் பின்னால் இருந்த மேடத்திடம் மட்டும் காட்டுவாள். அவர் ஆம்பை அணைத்து, சுவிட்சைத் திருப்பி, மறுபடி போடுவார். ஓடும்போது திருப்பினால் வால்வு போய்விடுமாம். சீட்டில் அதே பதில் வந்தால்கூட, நாங்கள் சுவிட்ச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, சுவிட்சை ஒரு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருகுவார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரே மெட்டை வாசிப்பேன். நானும் நண்பனும் ஆளுக்கொரு தாளில் பதில் எழுத வேண்டும்.

பத்துச் சுற்று முடிந்தது. என் மனைவி திருத்தினாள்.

நண்பனுக்குப் பத்துக்கு ஐந்து. எனக்கு நாலு.

மூன்று, நாலு, ஐந்து ஆகிய மூன்று சுற்றுகளிலும் தொடர்ந்து பழையதுதான் ஓடியிருக்கிறது. நான் 'பழசு, புதுசு, புதுசு' என்று எழுதி, ஐந்தாவதுக்குப் பக்கத்தில் 'அருமை' என்று வேறு குறித்திருந்தேன். என் மனைவி அதை உரக்கப் படித்தாள். நண்பன் சோபாவிலிருந்து கீழே சரிந்து சிரித்தான். மறைப்புக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. ஒரு தடவை என் கிளினிக்கில் வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷினின் ஒயர் கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. பத்து நிமிஷம் தோளில் தேய்த்து முடித்ததும் அந்தப் பெரியவர் கையைத் தூக்கிக் காட்டி, "இன்னைக்குத்தான் சார் வைத்தியம் நல்லா கேட்டுச்சு" என்றார். அதைப் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் காதும் அந்தத் தோள் மாதிரிதான் என்று மட்டும் தோன்றவில்லை.

"இருடா, ஒரேயடியா தள்ளிடாத" என்று நண்பன் எழுந்தான். ஆம்பில் இருந்த சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டியை மாட்டினான். ஒரு தடவை கம்பியைத் தட்டியதும் சமையலறைக்குக் காபி எடுக்கப் போயிருந்த என் மனைவி அங்கிருந்தே, "இது வேற! இது நல்லா தெரியுது!" என்று கத்தினாள். சீட்டும் வேண்டியிருக்கவில்லை, மறைப்பும் வேண்டியிருக்கவில்லை. அடுத்து அவன் தன் பேஸ் கிட்டாரைச் செருகி, வால்யூமை ஏற்றி, கீழ்க் கம்பியை மட்டும் அடித்து அதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னான். இப்போது அவனுக்குப் பத்துக்கு எட்டு. புதியதில் அடிச் சத்தம் கலங்காமல் வருகிறது என்றான்.

மேடம் மறைப்பிலிருந்து தலையை நீட்டினார். "அதுதானே சார். பெரிய இரும்பு போட்டா ஆழமான சத்தம் நிக்கும். ஆனா உங்க ஆம்ப்ல இருக்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்தை வெளியவே விடாதே. உள்ள என்ன வெச்சா என்ன?"

அவர் அதைச் சொல்லி முடிக்கவில்லை, ஹாலில் ஒரு வாடை. கருகிய வார்னிஷ். ஆம்பிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. 'டப்' என்று ஃபியூஸ் போனது. குழாய்கள் இருண்டன. மேடம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"பவர் டிரான்ஸ்ஃபார்மர். போயிடுச்சு சார்."

முதல் நாளே அவர் மாற்றச் சொன்னது இதைத்தான். பன்னிரண்டு நாளில் துறையூரில் ஒரு ரிசப்ஷன் ஒப்புக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை என்னிடம் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர். நான் வாசிப்பேன் என்று மாமனார் வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

"ஒரு வாரத்துல சுத்தித் தரேன், இன்ஷா அல்லாஹ். இருநூத்து நாப்பது வோல்ட், ஐம்பது சைக்கிளுக்கே சுத்திடறேன். அந்த ஸ்டெப் டவுன் பெட்டியே வேண்டாம்" என்றார். இந்த முறை அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

இரும்பு கூடுதலாகப் போட்டதால் புதிய டிரான்ஸ்ஃபார்மர் பழைய ஓட்டைகளில் உட்காரவில்லை. நண்பன் அளவெடுத்துப் போய் இரண்டு பட்டைகள் வளைத்துக்கொண்டு வந்தான். வியாழக்கிழமை மதியம் கடையில் மூன்று பேரும் ஆம்பைச் சுற்றி நின்றோம். நேராகக் கரண்டில் மாட்டாமல், நடுவே ஒரு நூறு வாட் குண்டு பல்பைக் கோர்த்தார் மேடம்.

"உள்ள ஏதாவது தப்பு இருந்தா பல்பு முழுசா எரியும். எரிஞ்சு மங்கிடுச்சுன்னா நம்ம வேலை சரி."

சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மெல்ல மங்கி, சிவப்பாகி நின்றது. வால்வுகளில் லேசாக ஆரஞ்சு ஏறியது. "மாஷா அல்லாஹ்" என்று அவர் கையைத் தட்டிக்கொண்டார். நண்பன் விசில் அடித்தான். பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தபோது ஆம்ப் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. அந்த ரீங்காரம் இல்லை. கம்பியைத் தட்டினால் மட்டும் சத்தம், கையை எடுத்தால் நிசப்தம்.

பழைய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையே திரும்ப மாட்டச் சொன்னேன். மேடம் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நிச்சயமாவா சார்?"

"பத்துக்கு நாலு வாங்கினவன் வேற என்ன சொல்றது?"

மறுநாள் மதியம் மாடியில் வாசித்துவிட்டுக் கீழே இறங்கினேன். கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பெரிய கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருப்பவர். கிட்டாரைப் பற்றி அவர் இதுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாசலில் நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

"மதியத்துல நீங்க வாசிக்கறச்சே கூடவே ஒரு வண்டு குடைஞ்சுண்டே இருக்குமே, அது இன்னிக்கு இல்லையே. பெருமாள் கிருபையில ரிப்பேர் பண்ணிட்டேளா?"

அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அவருக்குத் தெருமுனையில் கம்பத்தில் நிற்பதுதான். அவர் கேட்டாரே, அந்த ஒரு கேள்வியைவிட நல்ல சான்றிதழ் இணையத்தில் எங்கேயும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

துறையூர் மண்டபத்தில் கரண்ட் ஏறி இறங்கியது. நடுவில் ஒரு தடவை போய், ஜெனரேட்டர் வந்தது. சாப்பாட்டுப் பந்தி நீண்டுகொண்டே போனதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் மூன்று மணி நேரம் வாசித்தோம். பாட்டுகளுக்கு நடுவே பழக்கத்தில் ஆம்பின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் விட்டுப்போன நெற்றி மாதிரி லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்து, நான் சரிசெய்த முழங்காலோடு எங்கள் முன்னால் ஒரு ஆட்டம் போட்டார். நான் அந்த முழங்கால்மீதே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

இப்போது சில பேர் என்னிடம் கேட்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினால் ஆம்ப் நன்றாகுமா, செய்யலாமா என்று. கரண்டுக்குப் பொருந்தாத பவர் டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், சவுண்டுக்காக இல்லை, ஆம்ப் உயிரோடு இருப்பதற்காக என்கிறேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகாதவரை அதைத் தொடாதீர்கள், ஆசையாக இருந்தால் முதலில் வேறொரு ஸ்பீக்கரை மாட்டிக் கேளுங்கள் என்கிறேன். பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை. எனக்குக் காது சரியில்லை என்கிறார்கள். அதையும் மறுப்பதற்கில்லை.

அந்தப் பெரிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வீணாகவில்லை. மேடத்துக்கு இந்த வேலையில் ருசி ஏற்பட்டுவிட்டது. நண்பனும் அவரும் நாலு மாதம் மெனக்கெட்டு, அதை வைத்தே பேஸுக்கென்று ஒரு வால்வு ஆம்ப் கட்டினார்கள். இவன் பொன்மலையில் தகரம் வெட்டி, மடக்கி, ஓட்டை போட்டுக் கொடுப்பான், அவர் பாலக்கரையில் உள்ளே கோர்ப்பார். போன மாதம் அதை முதல் தடவை ஓட்டியபோது நண்பன் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் சேர்ந்து தாளம் போட்டன. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா ஓடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நண்பன் ஆம்பை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?" என்றார் அவர். "அடுத்த மாசம் தொட்டியத்துல எங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். இதைத் தூக்கிட்டு அங்க வர முடியுமா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் மேடத்தைப் பார்த்தேன். "நானும் வரேன் சார்" என்றார் அவர். "ஃபியூஸ் ரெண்டு கூடுதலா எடுத்துக்கலாம்."